முத்திரை குத்திய தாள்களில் தப்பியவர்கள்

2007-இல் புவெனஸ் ஐரஸ் நீதிமன்றம் ஒன்றின் பழைய வழக்குக் கட்டுக்குள்ளிருந்து ஒரு பயண ஆவணம் வெளியே வந்தது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த ஆவணம். புகைப்படத்தில் இருப்பவர் கண்ணாடி போட்டிருக்கிறார், கோட்டும் போ டையும் அணிந்திருக்கிறார். பெயர் ரிகார்டோ கிளமென்ட். பிறந்தது 1913 மே 23, வட இத்தாலியின் போல்சானோவில். தொழில்நுட்பப் பணியாளர். நாடற்றவர். 1950 ஜூன் 1 அன்று ஜெனோவாவில் வழங்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தாளில் உண்மை என்று சொல்ல அந்தப் புகைப்படம் மட்டும்தான். படத்தில் இருப்பவர் அடால்ஃப் ஐக்மன். ஐரோப்பா முழுவதிலுமிருந்து யூதர்களை ரயிலேற்றி மரண முகாம்களுக்கு அனுப்பும் வேலையை ஒருங்கிணைத்த, நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ்.-இன் அதிகாரி. பிறந்தது ஜெர்மனியின் சோலிங்கனில், 1906-இல். புதுத் தாளில் ஊர் மாறியது, நாடு மாறியது, வயதிலும் ஏழு குறைந்தது. பத்து வருடம் கழித்து இஸ்ரேல் உளவாளிகள் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது, கணவரைக் காணவில்லை என்று மனைவி புகார் கொடுத்தார். அந்த வழக்குக் கட்டில்தான் இந்த ஆவணம் இத்தனை காலமும் தூங்கிக்கொண்டிருந்தது.

நாஜிகள் தப்பிய கதை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நீர்மூழ்கிக் கப்பல், புதைத்த தங்கம், ‘ஒடெஸா’ என்ற மர்மச் சங்கம். அப்படி ஒரு தலைமையின் கீழ் எல்லோரையும் கரையேற்றிய ஒற்றை அமைப்பு எதையும் வரலாற்றாசிரியர்களால் காட்ட முடியவில்லை. ஆவணங்களில் தெரிவது வேறு காட்சி. ஒரு நகராட்சிச் சான்று, ஒரு பாதிரியாரின் பரிந்துரைக் கடிதம், ஒரு தூதரக முத்திரை, பிறகு ஒரு சட்டத் திருத்தம். எல்லாமே பகல் வெளிச்சத்தில், மேசைக்கு மேசை நகர்ந்த காரியங்கள்.

கையில் கிடைத்தும் நழுவியவர்கள்

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தபோது நேச நாடுகளின் கையில் லட்சக்கணக்கான போர்க்கைதிகள் இருந்தார்கள். யார் யார் என்று பிரித்துப் பார்க்க ஆள் பற்றாக்குறை. எஸ்.எஸ். ஆட்களை அடையாளம் காண ஒரு சுருக்குவழி இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு இடது அக்குளுக்குக் கீழே ரத்த வகையைப் பச்சை குத்தியிருப்பார்கள். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால் போதும். ஆஷ்விட்ஸில் குழந்தைகளையும் இரட்டையர்களையும் வைத்துப் பரிசோதனை செய்த மருத்துவர் யோசஃப் மெங்கலேயும் அமெரிக்கர்களிடம் பிடிபட்டார். ஆனால் அவர் உடம்பில் அந்தப் பச்சை இல்லை. தேடப்படுவோர் பட்டியல் அந்த முகாமின் மேசைவரை சரியாக வந்து சேரவுமில்லை. விட்டுவிட்டார்கள். அடுத்த சில வருடங்கள் பவேரியாவில் ஒரு பண்ணையில் கூலியாளாக இருந்துவிட்டு 1949-இல் இத்தாலி வழியே கிளம்பினார்.

ஐக்மனும் அப்படித்தான். பொய்ப் பெயரில் அமெரிக்க முகாமில் இருந்தார். நாஜித் தலைவர்கள் மீதான நூரம்பர்க் விசாரணையில் தன் பெயர் அடிபடுகிறது என்று தெரிந்ததும் 1946 தொடக்கத்தில் முகாமிலிருந்து நழுவி, வட ஜெர்மனியில் மரம் வெட்டினார், பிறகு கோழி வளர்த்தார். ட்ரெப்ளிங்கா மரண முகாமின் தளபதி ஃப்ரான்ஸ் ஸ்டாங்கல் 1948-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் சிறையிலிருந்து வெளியேறினார். சுவரேறிக் குதித்து அல்ல, நடந்து.

நூரம்பர்க் பெரிய விசாரணையில் தீர்ப்பு பெற்றவர்கள் 22 பேர். 12 பேருக்கு மரண தண்டனை, 3 பேர் விடுதலை. அந்த 22 பேருடைய படங்கள்தான் இன்றும் நம் மனதில் ‘நீதி’ என்ற இடத்தில் நிற்கின்றன. அவர்களுக்குக் கீழே, கையெழுத்துப் போட்டவர்களும் துப்பாக்கி பிடித்தவர்களுமாக ஆயிரக்கணக்கில் இருந்தவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தெர்மெனோ என்ற சிற்றூர்

வட இத்தாலியின் தென் டிரோல் பகுதியில் தெர்மெனோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்கள், வெள்ளை ஒயினுக்குப் பேர்போன இடம். மெங்கலே ‘ஹெல்முட் கிரகோர்’ ஆனதும், ஐக்மன் ‘ரிகார்டோ கிளமென்ட்’ ஆனதும் இந்த ஊரின் பெயரில் 1948-இல் எழுதப்பட்ட அடையாள அட்டைகளை வைத்துத்தான்.

ஏன் இந்த ஊர்? தென் டிரோலில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுபவர்கள். 1939-இல் ஹிட்லரும் முசோலினியும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இத்தாலியராக இருந்துவிடுவதா, ஜெர்மனிக்குக் குடிபெயர்வதா என்று அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் ஜெர்மனி என்றார்கள். பாதி பேர் போவதற்குள் போர் குறுக்கே வந்தது. போர் முடிந்தபோது அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று யாருக்கும் தெளிவில்லை. தப்பி ஓடும் நாஜிக்கு இதைவிடத் தோதான வேஷம் கிடைக்குமா? ஜெர்மன் பேசலாம், ஆனால் ஜெர்மானியர் அல்ல. இத்தாலியில் பிறந்ததாகச் சொல்லலாம், ஆனால் இத்தாலியர் அல்ல. நாடற்றவர். நாடற்றவருக்குத்தான் செஞ்சிலுவைச் சங்கம் பயண ஆவணம் கொடுத்தது.

செஞ்சிலுவைச் சங்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குற்றம் சொல்லவும் முடியாது. போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் வீடிழந்து, காகிதமிழந்து அலைந்தவர்கள் பல லட்சம். முகாம்களில் உயிர் பிழைத்த யூதர்களும் அதே ஆவணத்தை வாங்கித்தான் கடல் தாண்டினார்கள். பாலஸ்தீனத்துக்குப் போக அவர்கள் கடந்த அதே ஆல்ப்ஸ் கணவாய்களில், அதே வருடங்களில், அவர்களைக் கொன்றவர்களும் நடந்திருக்கிறார்கள். 1951 வரை வழங்கப்பட்ட அந்த ஆவணங்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேல். ரோமிலும் ஜெனோவாவிலும் இருந்த சிறிய அலுவலகங்களில் வாசல் தாண்டி வரிசை நின்றது. வந்தவர் சொல்வதுதான் பெயர், கூட வந்தவர் சொல்வதுதான் சாட்சி. பாதிரியார் ஒருவரின் கடிதம் இருந்தால் கேள்வியே கிடையாது. சான்றிதழுக்காக அலுவலகப் படி ஏறி இறங்கியவர்களுக்கு இது புரியும்: முதல் தாள் ஒன்றை எப்படியாவது வாங்கிவிட்டால், அடுத்தடுத்த தாள்கள் அதைப் பார்த்தே பிறந்துகொள்ளும். ஐக்மனின் விண்ணப்பத்துக்குப் பின்னால் ஜெனோவாவில் இருந்த ஒரு ஃப்ரான்சிஸ்கன் துறவியின் கையெழுத்து இருந்தது.

பாதிரியார்களில் மிகவும் பேசப்பட்டவர் அலோய்ஸ் ஹூடால். ஆஸ்திரிய ஆயர், ரோமில் ஜெர்மன் மொழி பேசும் குருமாணவர்களுக்கான கல்லூரியின் தலைவர். நாஜிக் கொள்கைமேல் தனக்கிருந்த பரிவை அவர் ஒளித்ததே இல்லை. சிறையிலிருந்து நடந்து வெளியேறிய ஸ்டாங்கல் ரோமுக்கு வந்து தேடியது இவரைத்தான். தங்க இடம், செலவுக்குப் பணம், சிரியாவுக்குப் போகத் தாள் எல்லாம் இவர் வழியாகக் கிடைத்தன. 1948 ஆகஸ்டில் அர்ஜென்டினா அதிபர் பெரோனுக்குக் கடிதம் எழுதி 5,000 விசா கேட்டார். பொய்த் தாள்கள் கொடுத்து ஆட்களைக் காப்பாற்ற முடிந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லும் வரிகள், அவர் இறந்தபிறகு வெளியான நினைவுக்குறிப்புகளில் இருக்கின்றன. குரோஷியப் பாதிரியார் க்ருனோஸ்லாவ் திராகனோவிச், தம் நாட்டுப் பாசிச இயக்கமான உஸ்தாஷாவின் கொலைகாரர்களுக்கு இதே சேவையைச் செய்தார். வத்திக்கானின் உச்சிக்கு இவை எவ்வளவு தெரியும் என்ற சர்ச்சை ஓயவில்லை. அந்தக் கால ஆவணக் காப்பகத்தையே வத்திக்கான் 2020-இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது.

யாருக்கும் தெரியாமல் நடந்தது என்று மட்டும் சொல்ல முடியாது. 1947 மே மாதமே வின்சென்ட் லா விஸ்டா என்ற அமெரிக்க அதிகாரி, இத்தாலி வழியே நடக்கும் கள்ளக் குடியேற்றத்தைப் பற்றி விரிவான அறிக்கை எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பினார். செஞ்சிலுவை ஆவணம் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது, திருச்சபையின் நிவாரண அமைப்புகள் எப்படிப் பயன்படுகின்றன எல்லாம் அதில் இருந்தன. மெங்கலே கப்பலேறியது அதற்கு இரண்டு வருடம் கழித்து. ஐக்மன் ஏறியது மூன்று வருடம் கழித்து.

அக்கரையில் பெரோனின் அர்ஜென்டினா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. நூரம்பர்க் விசாரணையையே அவர் ஒரு களங்கமாகக் கருதினார். கூடவே நாட்டுக்குப் பொறியாளர்களும் விமான நிபுணர்களும் வேண்டியிருந்தார்கள். நிபுணர்களுக்காக விரித்த வலையில் கொலைகாரர்களும் சேர்ந்து ஏறினார்கள். ஐக்மனுக்கான குடியேற்ற அனுமதி 1948-இலேயே தயாராகிவிட்டது. ஆள் வந்து சேர்ந்ததுதான் தாமதம், 1950 ஜூலை 14.

அங்கே போனவர்கள் எவ்வளவு நாள் ஒளிந்திருந்தார்கள் என்று பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. 1956-இல் மெங்கலே புவெனஸ் ஐரஸின் மேற்கு ஜெர்மன் தூதரகத்துக்குப் போய், தன் உண்மையான பெயரைச் சொல்லி, அந்தப் பெயரிலேயே பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டார். சிரியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன ஸ்டாங்கல் சொந்தப் பெயரில் வோக்ஸ்வாகன் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், 1967-இல்தான் கைதானார். ரோமில் 335 பேரைக் குகைக்குள் சுட்டுக் கொன்ற படையில் இருந்த எரிக் ப்ரீப்கே, பரிலோச்சே என்ற மலையூரில் ஜெர்மன் பள்ளியை நிர்வகிக்கும் பெரிய மனிதராகவே வாழ்ந்தார். 1994-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் தெருவில் மடக்கிக் கேட்டபோது, ஆமாம் நான்தான் என்றார்.

விலைபோனவர்கள்

இன்னொரு வகையினர் ஓடவே வேண்டியிருக்கவில்லை, வேண்டியவர்கள் வந்து கூட்டிப்போனார்கள். பிரான்சின் லியோன் நகரில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவை நடத்திய க்ளவுஸ் பார்பி, பிரெஞ்சு எதிர்ப்பியக்கத் தலைவர் ஜான் மூலானைச் சித்திரவதை செய்தவர். இஸியே என்ற ஊரில் ஒளிந்திருந்த 44 யூதக் குழந்தைகளைப் பிடித்து அனுப்பியவர். 1947-இல் அமெரிக்க ராணுவ எதிர் உளவுப் பிரிவு அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. கம்யூனிஸ்டுகளைப் பற்றித் துப்புக் கொடுக்க. பிரான்ஸ் அவரைக் கேட்டது. ஒப்படைத்தால் வாயைத் திறந்துவிடுவாரே என்ற பயத்தில் 1951-இல் அதே திராகனோவிச் வழியாக ‘அல்ட்மன்’ என்ற பெயரில் பொலிவியாவுக்கு அனுப்பி வைத்தார்கள். 1983-இல் அவர் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்ட பிறகு அமெரிக்கா முறைப்படி மன்னிப்புக் கேட்டது. கேட்க 32 வருடம் ஆனது.

விஞ்ஞானிகளுக்கென்றே தனித் திட்டம். கோப்புகளில் குறிப்பிட்ட சிலவற்றுக்கு ஒரு பேப்பர் கிளிப் மாட்டி அடையாளம் வைத்ததால் அதற்கு ‘பேப்பர்கிளிப்’ என்றே பெயர். 1,600-க்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்கா போனார்கள். அவர்களில் ஆர்தர் ருடால்ஃப், வி-2 ஏவுகணைகளைச் செய்த நிலத்தடித் தொழிற்சாலையின் உற்பத்திப் பொறுப்பில் இருந்தவர். அதற்கு வேலையாள் கொடுத்த டோரா முகாம் தொகுதியில் சுமார் 60,000 கைதிகளில் ஏறக்குறைய 20,000 பேர் செத்தார்கள். மனிதனை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் திட்ட மேலாளரும் இதே ருடால்ஃப்தான். பழைய கோப்பு தூசு தட்டப்பட்டதும் 1984-இல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்துவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பினார். வழக்கு எதுவும் நடக்கவில்லை.

ஆசியாவில் நடந்தது இதைவிட அப்பட்டம். மஞ்சூரியாவில் உயிருள்ள மனிதர்களுக்குப் பிளேக் கிருமியை ஏற்றிப் பார்த்த ஜப்பானிய 731-ஆம் பிரிவின் தலைவர் ஷிரோ இஷியி, ஆய்வுக் குறிப்புகளை அமெரிக்கர்களிடம் ஒப்படைத்து வழக்கிலிருந்து விலக்குப் பெற்றார். டோக்கியோ விசாரணையில் அவர் கூண்டில் ஏறவே இல்லை. 1959-இல் இயற்கையாகச் செத்தார்.

ஊரை விட்டே போகாதவர்கள்

இவ்வளவும் பரபரப்பான கதைகள். ஆனால் கணக்குப் பார்த்தால் ஓடிப்போனவர்கள் சிறு பகுதிதான். மற்றவர்கள் ஜெர்மனியிலேயே இருந்தார்கள். ஆஷ்விட்ஸில் பணிபுரிந்து போருக்குப் பின் உயிரோடு இருந்த எஸ்.எஸ். ஆட்கள் ஏறக்குறைய 6,500 பேர். அவர்களில் மேற்கு ஜெர்மன் நீதிமன்றங்கள் தண்டித்தவர்கள் ஐம்பது பேரைத் தாண்டவில்லை.

முதல் காரணம் பனிப்போர். 1948-இல் பெர்லின் முற்றுகை வந்ததுமே மேற்கு ஜெர்மனி நேற்றைய எதிரியிலிருந்து நாளைய கூட்டாளி ஆனது. 1951 ஜனவரியில் அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்லாய், லான்ட்ஸ்பெர்க் சிறையில் இருந்த குற்றவாளிகளின் தண்டனைகளை வாரிக் குறைத்தார். கிழக்கே ஊர் ஊராகப் போய் யூதர்களைச் சுட்டுக் குவித்த படைகளின் அதிகாரிகள் மீதான வழக்கில் 14 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. தூக்கில் போடப்பட்டது 4 பேர். தூக்கிலிருந்து தப்பியவர்களில் ஒருவர் எஸ்தோனியாவில் வேலை செய்த மார்ட்டின் சாண்ட்பெர்கர். 1958-இல் வெளியே வந்தார். ஸ்டுட்கார்ட்டில் செத்தது 2010-இல், 98 வயதில்.

இரண்டாவது காரணம் எனக்கு எப்போது படித்தாலும் திகைப்பைத் தருவது. பிரான்சின் நீதிமன்றங்கள் பல நாஜிகளுக்கு, ஆள் இல்லாமலே விசாரித்துத் தண்டனை விதித்தன. ஆள் ஜெர்மனியில் இருக்கிறார். அன்றைய ஜெர்மன் அரசியல் சட்டப்படி சொந்தக் குடிமகனை வெளிநாட்டுக்கு ஒப்படைக்கக் கூடாது. சரி, உள்ளூரிலேயே விசாரிக்கலாமே? அதுவும் முடியாது. நேச நாடுகளின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கை ஜெர்மன் நீதிமன்றம் திரும்பத் தொடக்கூடாது என்று 1950களின் ஒப்பந்தம் ஒன்றில் எழுதியிருந்தது. பழைய குற்றவாளிகளை ஜெர்மன் நீதிபதிகள் விடுவித்துவிடக்கூடாதே என்ற முன்யோசனையில் வைத்த ஷரத்து அது. கடைசியில் அதுவே அவர்களுக்குக் கேடயம் ஆனது. பிரான்சில் மரண தண்டனை வாங்கியவர் ஜெர்மனியில் நிம்மதியாக இருக்கலாம். தண்டனையே வாங்காதவர்தான் பயப்பட வேண்டும்.

அப்படி நிம்மதியாக இருந்தவர் எஸ்.எஸ். ஜெனரல் ஹைன்ஸ் லாமர்டிங். அவருடைய டிவிஷன் பிரான்சின் டூல் நகரில் 99 பேரைப் பால்கனிகளிலும் விளக்குக் கம்பங்களிலும் தூக்கில் தொங்கவிட்டது. மறுநாள் ஒராதூர் கிராமத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. டூல் படுகொலைக்காக பிரான்ஸ் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர் டுஸல்டார்ஃபில் கட்டட கான்ட்ராக்டராக இருந்துவிட்டு 1971-இல் காலமானார். பாரிஸில் யூதர்களைப் பிடித்தனுப்பிய கூர்ட் லிஷ்கா கொலோன் நகரில் சொந்தப் பெயரில் குடியிருந்தார். அவரைத் தேடிப்போன நாஜி வேட்டைக்காரர் பியாட்டே கிளார்ஸ்ஃபெல்டுக்கும் அவர் கணவருக்கும் முகவரி கிடைத்தது டெலிபோன் டைரக்டரியில். பியாட்டே அவரைக் கடத்திக்கொண்டு போய் பிரான்சில் விட முயன்றார். அதற்காக ஜெர்மன் நீதிமன்றம் தண்டித்தது, முதலில், பியாட்டேயை. அந்த ஷரத்தின் ஓட்டையை அடைக்கும் ஒப்பந்தம் 1975-இல்தான் நடைமுறைக்கு வந்தது. லிஷ்காவுக்கு 1980-இல் பத்து வருடச் சிறை.

நீதித்துறைக்குள்ளேயே இருந்தவர்கள் யார்? ஜெர்மன் நீதி அமைச்சகம் தன் கடந்த காலத்தை ஆராயச் சொல்லி 2016-இல் வெளிவந்த அறிக்கையில் விடை இருக்கிறது. 1949-இலிருந்து 1973 வரை அங்கே உயர்பொறுப்பில் இருந்த 170 சட்டவல்லுநர்களில் 90 பேர் நாஜிக் கட்சியின் பழைய உறுப்பினர்கள். ஹெஸ்ஸன் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் ஃப்ரிட்ஸ் பவருக்கு இது அறிக்கை இல்லாமலே தெரியும். அவரே நாஜிகளிடம் முகாமில் அடைபட்டு, பிறகு நாட்டை விட்டு ஓடிப் பிழைத்த யூதர். 1957-இல் அர்ஜென்டினாவிலிருந்து, கண்பார்வை இழந்த ஒரு முன்னாள் கைதியின் கடிதம் அவருக்கு வந்தது. தன் மகளோடு பழகும் பையனின் அப்பா ஐக்மனாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார் அவர். பையன் தன் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ளவே இல்லை! பவர் இந்தத் தகவலைத் தன் நாட்டுப் போலீசிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஐக்மனுக்குத்தான் முதலில் செய்தி போகும் என்று நினைத்தார். இஸ்ரேலிடம் கொடுத்தார். பிறகு நடந்தது ஊரறிந்த கதை.

ஆஷ்விட்ஸ் ஊழியர்களை 1963-இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் கூண்டில் ஏற்றியதும் பவர்தான். 1968 ஜூலை 1 அன்று அவர் இறந்தார். அதற்குச் சில வாரம் முன்னால் ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் சத்தமில்லாமல் நிறைவேறியிருந்தது. ‘ஒழுங்கு மீறல்கள் சட்டத்துக்கான அறிமுகச் சட்டம்’. போக்குவரத்து விதிமீறல் போன்ற சில்லறைக் குற்றங்களைச் சீர்செய்வதாகத்தான் தலைப்பைப் பார்த்தால் தோன்றும். யாரும் விவாதிக்கவில்லை. உள்ளே ஒரு வாக்கியம் இருந்தது: குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவரிடம், முக்கியக் குற்றவாளிக்கு இருந்த தனிப்பட்ட தீய உள்நோக்கம் இல்லையென்றால், அவருடைய தண்டனையைக் குறைக்க வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மன் நீதிமன்றங்கள் ஹிட்லர், ஹிம்லர், ஹைட்ரிக் போன்ற சிலரையே முக்கியக் கொலையாளிகள் என்றும், மற்ற எல்லோரையும் வெறும் உடந்தை என்றும் பார்த்துவந்தன. தண்டனையின் உச்சவரம்பு குறைந்தால் வழக்குத் தொடரும் காலவரம்பும் கூடவே குறையும்: 15 வருடம். 1945 மே 8-இலிருந்து எண்ணினால் அது 1960-இலேயே முடிந்துபோயிற்று. 1968-இல் வந்த சட்டம் எட்டு வருடம் பின்னோக்கிப் போய்க் கதவைச் சாத்தியது. யூத ஒழிப்பை மேசையிலிருந்து நடத்திய ரைஷ் பாதுகாப்புத் தலைமை அலுவலக அதிகாரிகள் மீது பெர்லினில் வருடக்கணக்காகத் திரட்டிவந்த வழக்குகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கொலைக்கான காலவரம்பை நீட்டலாமா என்று அதே நாடாளுமன்றம் அந்த வருடங்களில் மணிக்கணக்கில் உணர்ச்சி பொங்க விவாதித்துக்கொண்டிருந்தது. வாசலுக்குப் புதுப் பூட்டு தேடிக்கொண்டிருந்தபோதே கொல்லைக்கதவு திறந்திருந்தது. சட்டச் சீர்திருத்தத்தைக் கவனித்த அமைச்சக அதிகாரி எடுவார்ட் ட்ரேயர், நாஜிக் காலத்தில் இன்ஸ்ப்ரூக் சிறப்பு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். அது கவனக்குறைவா, கைவேலையா என்பது இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. நான் கவனக்குறைவை நம்புகிறவன் இல்லை.

2011-இல் முனிச் நீதிமன்றம், மரண முகாம் ஒன்றில் காவலாளியாக இருந்த ஜான் டெம்யான்யுக் மீதான வழக்கில் போக்கை மாற்றியது. மரண முகாமில் வேலை பார்த்ததே கொலைக்கு உடந்தைதான், தனித்தனியாக யாரைக் கொன்றார் என்று காட்ட வேண்டாம் என்றது. அதற்குள் பெரியவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் காவலாளிகளும் எழுத்தர்களும்.

2021 செப்டம்பர் 30 காலை, வட ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து 96 வயது மூதாட்டி டாக்சி பிடித்து மெட்ரோ நிலையத்துக்குப் போனார். அன்று இட்ஸஹோ நீதிமன்றத்தில் அவர் வழக்கு தொடங்க வேண்டும். சில மணி நேரத்தில் ஹாம்பர்கில் பிடித்துவிட்டார்கள். பெயர் இர்ம்கார்ட் ஃபுர்ஹ்னர். ஷ்டுட்ஹோஃப் வதைமுகாமின் தளபதிக்குத் தட்டச்சு செய்த செயலாளர். வேலையில் இருந்தபோது வயது 18, 19 என்பதால் சிறார் நீதிமன்றப் பிரிவில் விசாரணை நடந்தது. 10,505 கொலைகளுக்கு உடந்தை என்று 2022 டிசம்பரில் தீர்ப்பு; இரண்டு வருடம், நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. தளபதியின் கடிதங்கள் எல்லாம் தன் மேசை வழியாகத்தான் போயின என்று 1954-இலேயே அவர் சாட்சி சொல்லியிருந்தார். அந்தத் தளபதி பால் வெர்னர் ஹோப்பேக்கு 1957-இல் ஒன்பது வருடம் கிடைத்தது. 1960-இல் வெளியே வந்துவிட்டார். 1974-இல் ஜெர்மனியின் போஹும் நகரில் இறந்தார்.